வீடு இரண்டு, வகுப்பறை ஒன்று: பிரிந்து வாழும் பெற்றோரும் பிள்ளையின் படிப்பும்

இரண்டாம் தவணைத் தேர்ச்சி அறிக்கைகளைக் கொடுத்துவிட்டு, பெற்றோரின் கையொப்பத்துடன் இரண்டு நாளில் திருப்பித் தரவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். தரம் 7 மாணவன் ஒருவன் மறுநாள் என் மேசையருகே வந்து நின்றான்.

"சேர், சனிக்கிழமை வரை வைத்திருக்கலாமா?"

அம்மா இன்னும் கையொப்பம் வைக்கவில்லையா என்று கேட்டேன். "வைத்துவிட்டார் சேர். அப்பாவுக்கும் காட்ட வேண்டும்" என்றான். அவன் தாயுடன் மல்லாவியில் இருந்தான். தந்தை முள்ளியவளையில். மாங்குளத்தில் இறங்கி பஸ் மாறிப் போகவேண்டும், பாடசாலை இல்லாத நாளில்தான் போகலாம். இரண்டு நாள் என்றால் இரண்டு நாள்தான் என்று சொல்லி, அறிக்கையை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்று மாலை சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. அந்த அறிக்கையில் கணிதத்துக்கு 71 புள்ளி இருந்தது. முதல் தவணையில் அவன் எடுத்தது 40க்குக் கீழே.

அது என் பிழை. இன்றைக்கு ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும்போது அதுபோல இன்னும் சில நினைவுக்கு வருகின்றன. பிரிந்து வாழும் தாயும் தந்தையும் பிள்ளையின் படிப்பில் எப்படிப் பங்கெடுப்பது என்பதை அடியிலிருந்து தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோருக்கும் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மாக்களுக்கும் பயன்படலாம். வகுப்பாசிரியர்களுக்கும் கொஞ்சம் உறைத்தால் நல்லது.

பிரிந்தது யார், பிரியாதது யார்

ஒரு வீட்டில் இரண்டு உறவுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, கணவன் மனைவி உறவு. மற்றது, தாய் தந்தை என்ற உறவு. சண்டையிலோ நீதிமன்றத்திலோ முடிந்துபோவது முதலாவது மட்டும்தான். முன்னாள் கணவன் உண்டு, முன்னாள் மனைவி உண்டு. முன்னாள் தகப்பன் என்று ஒரு சொல் தமிழில் இல்லை. பெற்றோர் ஈடுபாடு பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகின்றன. "அந்த மனிதன் என்னை விட்டுப் போனவன், பாடசாலைக்கு எதற்கு வருகிறான்?" என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவர் சொல்வது முதல் உறவைப் பற்றி. கூட்டம் நடப்பது இரண்டாவது உறவின் பேரில்.

வன்னியில் 'பிரிவு' என்ற சொல்லுக்குள் பல சங்கதிகள் அடங்கியிருக்கின்றன. சட்டப்படி விவாகரத்துப் பெற்றவர்கள் அதில் சிறு பகுதிதான். இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு ஒரு தரப்பின் குற்றத்தைக் காட்டவேண்டும்: பிறர்மனை நாடியது, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது போன்ற காரணங்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். சட்டத்தரணிக்குப் பணம் வேண்டும். ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் நாட்கூலியை இழக்கவேண்டும். ஆகவே பலர் வழக்குக்கே போவதில்லை. ஒருவர் வவுனியாவில் மேசன் வேலை, மற்றவர் தாய் வீட்டில், அவ்வளவுதான். போர்க்காலத்தில் அவசர அவசரமாக நடந்து, பதிவே செய்யப்படாத திருமணங்களும் இருக்கின்றன. அங்கே விவாகரத்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவற்றோடு சேர்த்துக் குழப்பக்கூடாத ஒன்றும் உண்டு. 2009க்குப் பிறகு தந்தை என்ன ஆனார் என்றே தெரியாத வீடுகள். அந்தத் தாய் பிரிந்தவரும் அல்ல, தன்னை விதவை என்று எழுதிக்கொள்ளச் சம்மதிப்பவரும் அல்ல. 2016 இல் வந்த சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணாமற்போயிருக்கிறார் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற வழி செய்தது. படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்துக்கு முன்னால் பேனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், இவற்றில் எது உன் வீட்டுக் கதை என்று வகுப்பின் நடுவில் கேட்கக்கூடாது. மீள்குடியேற்றக் காலத்தில் புத்தகப் பை கொடுக்க வந்தவர்களுக்காக, "அப்பா இல்லாத பிள்ளைகள் கையை உயர்த்துங்கள்" என்று கேட்ட வகுப்பறைகளை நான் பார்த்திருக்கிறேன். தந்தை முல்லைத்தீவில் உயிரோடு இருக்கிறார், ஆனால் வீட்டில் இல்லை என்ற பிள்ளை கையைப் பாதி உயர்த்திப் பிறகு இறக்கிக்கொள்ளும்.

ஈடுபாடு என்று எதைச் சொல்கிறோம்

நம் பக்கத்தில் பெற்றோர் ஈடுபாடு என்றால் கண்முன் வருவது என்ன? கூட்டத்துக்கு அழைத்தால் வருவது, வளவு துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வருவது, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குக் காசு கொடுப்பது. இவை எல்லாம் பாடசாலையின் மதிலுக்குள்ளே நடப்பவை. ஆனால் கருத்து அதைவிட அகலமானது.

ஜோய்ஸ் எப்ஸ்டீன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் ஈடுபாட்டை ஆறு வகையாகப் பிரித்தார். உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் இது சொல்லப்படுகிறது. பிள்ளை படிக்கக்கூடிய விதத்தில் வீட்டை வைத்திருப்பது முதலாவது. பாடசாலையும் வீடும் தகவலைப் பரிமாறிக்கொள்வது, பாடசாலைக்குத் தொண்டு செய்வது, வீட்டில் பாடங்களுக்கு உதவுவது, தீர்மானங்களில் பங்கெடுப்பது, ஊரிலுள்ள வளங்களைப் படிப்புக்குப் பயன்படுத்துவது ஆகியவை மற்றவை.

இந்த ஆறையும் எதிரே வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இவற்றில் எதற்கு அம்மாவும் அப்பாவும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும்? இரண்டு வீடு என்றால் இரண்டு வீட்டிலும் ஒரு மேசையும் ஒரு விளக்கும் போதும். தகவலுக்குத் தொலைபேசி போதும். க.பொ.த. சாதாரண தரம் முடிந்தபின் கலைப் பிரிவா, வர்த்தகமா, விஞ்ஞானமா என்று முடிவு செய்ய ஒரு தடவை மூவரும் பேசினால் போதும். சிரமதானத்துக்கு ஒருவர் வந்தால் போதும். (சேர்ந்து வாழும் பெற்றோரும் ஒருவர்தான் வருவார்கள். அதுவும் பெரும்பாலும் அம்மா.)

உண்மையில் இதன் உயிர் இரண்டாவது வகையில் இருக்கிறது: தகவல். பிள்ளைக்கு எந்தப் பாடம் வரவில்லை, போன வாரம் ஏன் இரண்டு நாள் வரவில்லை, கண்ணாடி தேவையா, யாரோடு சண்டை, பரீட்சை எப்போது என்பவை தெரியாத ஒருவர் எவ்வளவு அன்பு வைத்திருந்தாலும் எதையும் செய்யமுடியாது. அவர் சனிக்கிழமை பிள்ளையைச் சந்திக்கும்போது, "நன்றாகப் படிக்கிறாயா?" என்று கேட்பார். பிள்ளை "ஓம்" என்று சொல்லும். உரையாடல் அதோடு முடிந்துவிடும். பின்னக் கணக்கில் அவன் தடுமாறுகிறான் என்று தெரிந்த தகப்பன் வேறு கேள்வி கேட்பார்; மேசன் வேலைக்காரர் என்றால் அடிக்கோலை எடுத்து வைத்துக் கால், அரை, முக்கால் என்று காட்டவும் செய்வார்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

1996 இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பு ஒன்றை வைத்து, அந்நாட்டுக் கல்வித் திணைக்களம் 1997 இல் தந்தையரின் பங்கு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழாத தந்தையரையும் தனியாகப் பார்த்தார்கள். தரம் 6 முதல் 12 வரையான மாணவர்களில், அப்படிப்பட்ட தந்தை பாடசாலை விடயங்களில் ஈடுபட்டிருந்தால், அந்தப் பிள்ளை ஒரே வகுப்பில் மீண்டும் இருத்தப்படுவதும் பாடசாலையிலிருந்து இடைநிறுத்தப்படுவதும் குறைவாக இருந்தன. இதைவிட முக்கியமானது இன்னொன்று. பிள்ளையைச் சந்தித்துப் போவது மட்டும் உண்டு, பாடசாலைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்ற தந்தையரிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை.

1999 இல் போல் அமேட்டோ, ஜோன் கில்பிரெத் ஆகிய இருவர் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அதிலும் எத்தனை தடவை சந்தித்தார் என்ற எண்ணிக்கைக்குப் பெரிய தொடர்பு இல்லை. பராமரிப்புப் பணத்தை ஒழுங்காகக் கொடுத்ததும், அன்பையும் கண்டிப்பையும் சேர்த்து நடத்தியதும் பிள்ளையின் நலனோடு சேர்ந்து வந்தன. கச்சானும் ஐஸ்கிறீமும் வாங்கிக் கொடுத்து அனுப்பும் ஞாயிற்றுக்கிழமைத் தகப்பனாக இருப்பது போதாது என்று நம் ஊர்க் கிழவிகள் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் இவற்றை மந்திரம்போல் எடுத்துக்கொள்ளக்கூடாது. சேர்ந்து வருவதெல்லாம் ஒன்றால் மற்றது வந்தது ஆகாது. தகப்பன் வந்ததால் பிள்ளை நன்றாகப் படித்ததா, நன்றாகப் படிக்கும் பிள்ளையின் தகப்பனுக்கு வர விருப்பம் வந்ததா? 71 எடுத்த பிள்ளையின் தகப்பன் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். 17 எடுத்த பிள்ளையின் தகப்பன் வீதியில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே திரும்பிவிடுவார். அதோடு இவை வேறு நாட்டுப் பிள்ளைகள். என் அனுபவத்தில் திசை ஒன்றுதான் என்று மட்டும் சொல்வேன்.

சட்டமும் கடுதாசிகளும்

இதில் நான் சட்டத்தரணி அல்ல. பாடசாலை அலுவலகத்தில் அடிக்கடி வெடிக்கும் சண்டைகளை வைத்து, தெரிந்திருக்கவேண்டிய அளவை மட்டும் சொல்கிறேன்.

மூன்று விடயங்கள் வேறு வேறானவை: கட்டுக்காப்பு, தாபரிப்பு (பராமரிப்புப் பணம்), படிப்பில் ஈடுபாடு. பிள்ளை யாருடன் வாழ்வது, மற்றவர் எப்போது சந்திப்பது என்பதை முடிவு செய்வது மாவட்ட நீதிமன்றம். இலங்கையில் இதற்கு அடிப்படை உரோம-டச்சுச் சட்டம். திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தந்தையே இயற்கைப் பாதுகாவலர் என்பது அதன் பழைய நிலைப்பாடு. ஆனால் வழக்கு என்று வரும்போது பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்கப்படுகிறது. தாபரிப்புப் பணம் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது; அதற்குப் போகவேண்டிய இடம் நீதவான் நீதிமன்றம். பெற்றோர் பதிவுத் திருமணம் செய்யாதவர்களாக இருந்தாலும் பிள்ளைக்குத் தாபரிப்புக் கேட்கலாம். 18 வயதோடு அது நின்றுவிடுவதும் இல்லை. தன்னைத் தானே பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் கேட்க வழி இருக்கிறது. உயர்தரமும் பல்கலைக்கழகமும் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் பலருக்கு இது தெரியாது. கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

தாபரிப்புப் பணம் தராத தந்தைக்குத் தேர்ச்சி அறிக்கையைப் பார்க்க உரிமை இல்லை என்று தாய் சொல்வார். பிள்ளையைக் காட்டாதவருக்கு நான் ஏன் பணம் கொடுக்கவேண்டும் என்று தந்தை சொல்வார். இரண்டுமே ஒரு கணக்கை இன்னொரு கணக்கில் கழிக்கும் வேலை. பணம் தராததற்கு நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. சந்திக்க விடாததற்கு மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. பிள்ளையின் அறிக்கை இரண்டுக்கும் பிணையாக நிற்கவேண்டியதில்லை.

நீதிமன்றக் கட்டளை ஏதாவது இருந்தால் அதன் பிரதியை அதிபரிடம் கொடுத்துக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். கட்டளை இல்லாதபோது, ஒரு தரப்பு வந்து அழுதது என்பதற்காக மற்றத் தரப்பை அதிபர் ஒதுக்குவது சரியல்ல. நாங்கள் நீதிபதிகள் இல்லை. முதலில் வந்து சொன்னவர் சொன்னதே உண்மை என்று நம்புகிற பலவீனம் ஆசிரியர்களுக்கு நிறையவே உண்டு. அதிலும் முதலில் வந்தவர் பழைய மாணவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினர் தொலைபேசியில் சட்டம் சொல்வது வழக்கமாகிவிட்டதால் இதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, நீதிமன்றத் தடை இல்லாதவரை பிரிந்திருக்கும் பெற்றோர் இருவருக்கும் பிள்ளையின் பாடசாலைப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை உண்டு. இங்கிலாந்தில் 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பெற்றோர் என்ற சொல்லுக்கே அகலமான வரைவிலக்கணம் கொடுத்து, பிள்ளையோடு வாழாதவரையும் அதற்குள் சேர்க்கிறது. நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் கிளிநொச்சியில் ஓர் அதிபரின் மேசைமேல் அவற்றைத் தட்டிக் காட்டமுடியாது.

விடுகைப் பத்திரச் சண்டை தனி ரகம். தவணை நடுவில் ஒருவர் வந்து, பிள்ளையை வேறு பாடசாலையில் சேர்க்கப்போகிறேன், பத்திரத்தைத் தாருங்கள் என்பார். மறுநாள் மற்றவர் வந்து, யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்பார். இடையில் பிள்ளை இரண்டு பாடசாலையிலும் இல்லாமல் வீட்டில் இருக்கும். இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம். மாற்றுவதானால் இருவரும் சேர்ந்தோ, இல்லையென்றால் கட்டளையோடோ வாருங்கள். அதுவரை பிள்ளை இங்கேயே படிக்கட்டும் என்று சொன்ன அதிபர் ஒருவரிடம் நான் வேலை செய்திருக்கிறேன். இரண்டு பக்கமும் அவரைத் திட்டின. வரவு இடாப்பில் அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே இடைவெளி விழவில்லை.

பிள்ளை தபால்காரன் அல்ல

பிரிந்தவர்கள் பிள்ளை வளர்ப்பில் ஒத்துழைக்க இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று கூட்டு வளர்ப்பு: இருவரும் பேசி, கலந்து, ஒரே முடிவுக்கு வருவது. பழைய காயம் ஆறியவர்களுக்கு அது முடியும். மற்றது சமாந்தர வளர்ப்பு: தண்டவாளம்போல் இருவரும் தத்தம் வழியில் போவது, சந்திக்காமல், சண்டை பிடிக்காமல், பிள்ளைக்குரியதை ஆளுக்கு ஒரு பக்கத்தில் செய்வது. நம் ஊரில் கூட்டு வளர்ப்பைத்தான் எல்லோரும் உபதேசிக்கிறார்கள். "பிள்ளைக்காகவாவது பேசுங்கள்" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். என் எண்ணம் வேறு. பேசினால் சண்டை வரும் என்றால் பேசவேண்டாம். பாடசாலையோடு தனித்தனியாகப் பேசுங்கள், அது போதும். கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால் ஒருவர் பத்துக்கு வரட்டும், மற்றவர் வேறொரு நாள் பாடசாலை விட்டபின் வந்து வகுப்பாசிரியரைக் காணட்டும். பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்ததால் எந்த ஆசிரியரும் தேய்ந்துபோகவில்லை.

சமாந்தர வழியில் ஒரு பொறி இருக்கிறது. தாய்க்கும் தந்தைக்கும் இடையில் பேச்சில்லாதபோது செய்தியைப் பிள்ளை சுமக்கத் தொடங்கும். "சப்பாத்துக்குக் காசு தரச் சொல்லி அம்மா சொன்னார் என்று அப்பாவிடம் சொல்." "சுற்றுலாவுக்கு அனுப்பமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்." பத்து வயதுப் பிள்ளை இதை ஏற்றிக்கொண்டு மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறது. கொஞ்ச நாளில் அது செய்தியைத் தணிக்கை செய்யப் பழகிவிடும். யாருக்கு எதைச் சொன்னால் வீட்டில் குரல் உயராது என்று தெரிந்துவிடும். தரம் 5 புலமைப்பரிசில் விண்ணப்பப் படிவம் ஒன்று புத்தகப் பையிலேயே கசங்கிக் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை மறக்கவில்லை. யாரிடம் முதலில் நீட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்தது.

பாடசாலை இதை எளிதாகவே தவிர்க்கலாம். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்திலிருந்து அநேக வகுப்புகளுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஓர் எண் என்ற விதி எங்கும் எழுதப்படவில்லை. தாயின் எண்ணையும் தந்தையின் எண்ணையும் சேர்த்துவிட்டால் கூட்ட அறிவித்தல் இருவருக்கும் ஒரே நேரத்தில் போகும். தேர்ச்சி அறிக்கையைப் படம் எடுத்து அந்த இருவருக்கும் தனியாக அனுப்ப இரண்டு நிமிடம் ஆகும். என் அலுமாரிக் காலத்தில் இந்த வசதி இல்லை என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் போட்டோப் பிரதி இருந்தது.

வெளிநாட்டில் அம்மா, வீட்டில் அம்மம்மா

நூல்களில் இருக்கும் பிரிந்த குடும்பத்தில் தாய், தந்தை, பிள்ளை என்று மூவர். வன்னியில் அந்தக் கணக்கு அரிதாகவே பொருந்தும். தந்தை வேறு குடும்பமாகிவிட்டார், தாய் கடனை அடைக்கக் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டுவேலைக்குப் போய்விட்டார், பிள்ளை அம்மம்மாவிடம் இருக்கிறது. கையொப்ப இடத்தில் பாட்டியின் பெருவிரல் அடையாளம்.

பாடசாலைக்கு இந்த அம்மம்மாதான் பெற்றோர். அவரை நாற்காலியில் இருத்திப் பேசவேண்டும். "அம்மாவை வரச் சொல்லுங்கள்" என்று எத்தனை தடவை கேட்டாலும் குவைத்திலிருந்து ஒருவர் வரமாட்டார். ஆனால் தொலைபேசியில் வருவார். இங்கே பாடசாலை விடும் பிற்பகல் 1.30 அங்கே காலை 11 மணி. இரவு எட்டரைக்குப் பிள்ளை படித்து முடிக்கும்போது அங்கே மாலை ஆறு, வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். இந்த இரண்டரை மணி வித்தியாசத்தை ஆசிரியர் ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால், அந்தத் தாய் அழைப்பை எடுக்காமல் பிறகு குரல் பதிவு அனுப்பினால் அவசரப்பட்டு அலட்சியக்காரி என்று எண்ணமாட்டார். ஒரு தாய் தன் மகளின் தமிழ்க் கட்டுரைகளைப் படமாக அனுப்பச் சொல்லி, இரவில் வாசித்து, எழுத்துப் பிழைகளைக் குரல் பதிவில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் படித்தது தரம் 9 வரை. இடப்பெயர்வு அதோடு நிறுத்திவிட்டது. எப்ஸ்டீன் சொன்ன நான்காவது வகை, வீட்டில் கற்றல், பாலைவனத்திலிருந்து நடந்தது.

தந்தை வழி உறவுகளையும் மறக்கவேண்டியதில்லை. மகன் செய்தது பிழை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே பேத்தியின் கொப்பிகளுக்கு உறை போட்டுக் கொடுத்த அப்பம்மாக்கள் இருக்கிறார்கள். கூட்ட நாளை வைக்கும்போது பாடசாலையும் கொஞ்சம் வயலைப் பார்க்கவேண்டும். பெரும்போக அறுவடை நடக்கும் மாசியில் வார நாள் காலையில் கூட்டம் வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசுவது வேடிக்கை.

விலக்கவேண்டிய இடமும் உண்டு

இதுவரை சொன்னதெல்லாம் பிள்ளைக்கு இருவராலும் ஆபத்தில்லை என்ற எடுகோளில். அடி உதை, குடித்துவிட்டு வந்து கலகம், பிள்ளையைத் தூக்கிச் செல்லும் மிரட்டல், பாலியல் துன்புறுத்தல் என்று வந்தால் கணக்கு மாறிவிடும். 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அப்படி ஒன்று இருந்தால் அதிபரிடம் மட்டுமல்ல, வாயிலில் நிற்பவரிடமும் வகுப்பாசிரியரிடமும் தெரிவிக்கவேண்டும். யார் பிள்ளையைக் கூட்டிச் செல்லலாம் என்ற பெயர்கள் எழுத்தில் இருக்கவேண்டும். பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் 1929 என்ற எண்ணுக்கு யாரும் அழைக்கலாம். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையினுடையது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். குடும்ப மானம் போகும் என்று இதில் பொறுத்துக்கொண்டிருக்கக்கூடாது.

எங்கே தொடங்குவது

பிள்ளையோடு வாழாத பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டால், ஒரு கடிதத்தில் தொடங்குங்கள் என்பேன். வகுப்பாசிரியருக்கு, அதிபர் ஊடாக. நீளமாக வேண்டாம், குடும்பக் கதை அறவே வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"தங்கள் வகுப்பில் கற்கும் மாணவியின் தந்தை நான். தற்போது வேறு இடத்தில் வசிக்கிறேன். அவருடைய தவணைத் தேர்ச்சி, வரவு, பெற்றோர் கூட்டம் பற்றிய அறிவித்தல்களைத் தாயாருக்கு அனுப்புவதுபோல் எனக்கும் கீழுள்ள எண்ணுக்கு அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

'தாயாருக்கு அனுப்புவதுபோல் எனக்கும்' என்ற இடத்தைக் கவனியுங்கள். அவருக்குப் பதிலாக அல்ல. அந்த ஒரு சொல் மாறினால் கடிதம் வழக்காகிவிடும். பிள்ளையை வளர்ப்பவருக்கும் ஒரு வேலை உண்டு: சேர்விடாப்பிலும் தகவல் படிவத்திலும் மற்றவரின் பெயரைக் கோடு போட்டு வெட்டாமல் விடுவது. அது பெரிய மனசு கேட்கும் வேலை. ஒரு தாய் படிவத்தை என்னிடம் நீட்டும்போது, "அந்த ஆளின் பெயரை நான் எழுதமாட்டேன், நீங்களே எழுதுங்கள் சேர்" என்றார். எழுதினேன். அவர் பக்கத்திலிருந்து எழுத்துக்கூட்டிச் சொன்னார்.

கடைசியாக, சலிப்பான ஒரு விடயம். நம் ஆட்கள் சிம் அட்டையை அடிக்கடி மாற்றுகிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் கொடுத்த எண்ணுக்கு மூன்றாம் தவணையில் அழைத்தால் பரந்தனில் யாரோ ஒரு கடைக்காரர் எடுப்பார். ஒவ்வொரு தவணையும் தொடங்கும்போது இரண்டு எண்களையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தில் பென்சிலால் எழுதி வைத்தால் அழித்து எழுதச் சுலபம்.